என்.எச். 46 எங்கே போச்சு? வேலூர் வட்டார நெடுஞ்சாலைக் கேள்விகள்

எங்கள் கடை பில்லில் அப்பா காலத்திலிருந்து 'என்.எச். 46, ஆம்பூர்' என்றுதான் அச்சடிக்கிறோம். ரோட்டில் இருக்கும் பலகை 48 என்கிறது. எது சரி? 46 என்ன ஆனது?
– ஆம்பூர் வாசகர்

48தான் சரி. 2010-ல் நாடு முழுக்க தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் போட்டார்கள். அதற்கு முன் கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை வரை 46. மும்பையில் கிளம்பி பெங்களூரு, கோலார், சித்தூர் வழியாக வந்த 4-ல் அது போய்ச் சேரும். அங்கிருந்து சென்னை வரை 4. இப்போது டெல்லி, ஜெய்ப்பூர், மும்பை, புனே, பெங்களூரு, ஓசூர், வேலூர், சென்னை என்று மொத்தமும் ஒரே 48.

பழைய எண்களைத் தூக்கி எறியவில்லை, டிரான்ஸ்பர் கொடுத்துவிட்டார்கள். உங்கள் 46 இப்போது மத்தியப் பிரதேசத்தில் குவாலியரிலிருந்து போபால் வழியாக பேதுல் வரை ஓடுகிறது. 4 கடல் தாண்டி அந்தமானுக்கே போய்விட்டது. கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலை 66 ஆக இருந்தது. அது 77 ஆகி, 66 மேற்குக் கடற்கரைக்குப் போனது. நம்மிடம் வந்த 48-க்கும் ஒரு கதை உண்டு. அது முன்பு பெங்களூரு–மங்களூரு சாலையின் எண். அந்தச் சாலைக்கு இப்போது 75 என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அந்த 75-ம் முல்பாகல், வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று இறங்கி நம்ம வேலூரில்தான் வந்து முடிகிறது.

பில் புத்தகம் தீரும்வரை ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அடுத்த முறை மாற்றிவிடுங்கள். சரக்கு ஏற்ற வரும் வடநாட்டு லாரி டிரைவருக்கு 46 என்றால் போபால் ரோடுதான்.

போளூர் ரோடு 234 என்று படித்தவன் நான். இப்போது 38. இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, குலுக்கல் முறையா?
– கண்ணமங்கலம் வாசகர்

கணக்கு இருக்கிறது, அதுவும் நல்ல கணக்கு. வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். நம் மாநிலத்திலேயே பாருங்கள்: கடலோரமாக 32, வேலூர்–திருவண்ணாமலை–விழுப்புரம்–திருச்சி–மதுரை–தூத்துக்குடி 38, கிருஷ்ணகிரி–சேலம்–மதுரை 44. கிழக்கு மேற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை. தெற்கே வர வர எண் கூடும். 75, 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–சிதம்பரம் 81. மூன்று இலக்கம் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம்தான் தாய்ச் சாலை. வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் வழியாகச் சேலம் போகும் 179ஏ, அந்த 79-ன் கிளை.

'நம்ம ஊரில் 48 கிழக்கு மேற்காகத்தானே ஓடுகிறது, அதற்கு ஏன் இரட்டைப்படை?' என்று அடுத்து கேட்பீர்கள். தலை டெல்லியில் இருக்கிறது. வாலை மட்டும் பார்த்து எண் கொடுப்பதில்லை.

என்னைக் கேட்டால், 2010-ல் செய்த மாற்றத்தில் தப்பே இல்லை. புது எண்ணை எழுதியவர்கள் பழைய எண்ணை அழிக்காமல் விட்டதுதான் தப்பு. கடைப் பெயர்ப் பலகையிலும் பத்திரத்திலும் இரண்டும் கலந்து கிடக்கிறது.

சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வழி, பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. ஒரு முறை விட்டால் எங்கேயோ போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. யாரிடம் சொல்வது?
– கலெக்டர் ஆபீசுக்கு அடிக்கடி போகிறவர்

மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். பலகையைப் படித்து, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கம் ஒதுங்க நாலைந்து நொடியாவது வேண்டாமா? திருப்பத்திலேயே நட்ட பலகை தப்பிப் போனதை உறுதிசெய்யத்தான் உதவும். முன்கூட்டியே ஒரு பலகை வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். சில இடத்தில் பலகை இருந்தும் முன்னால் யாராவது பிறந்தநாள் பேனர் கட்டியிருப்பார்கள், அது வேறு கதை.

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் படத்தோடு புகார் போடலாம். ஆனால் 'சத்துவாச்சாரி பக்கம்' என்று மட்டும் சொன்னால் நடக்காது. கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் தலை போட்டது தேசிய நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கல், பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் இருக்கும். புல் மண்டியிருந்தால் காலால் ஒதுக்கித்தான் பார்க்க வேண்டும். 200 மீட்டருக்கு ஒன்று. 94-ஆம் கல்லைத் தாண்டி 6 என்றால் 94.6 கிலோமீட்டர். விபத்து நேரத்தில் 108-க்குச் சொல்லவும் இதைவிடத் துல்லியமான அடையாளம் கிடையாது.

குடியாத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பலகையில் ஒரு ஸ்பெல்லிங், அடுத்ததில் வேறு. திருத்தவே மாட்டார்களா?
– குடியாத்தம் வாசகி

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்தது. வேலூருக்கு இரண்டு 'இ', இரண்டு 'ஓ' போட்டிருந்தார்கள். சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். தமிழ் வரியைப் படித்துக்கொண்டு போங்கள் அம்மா.

டாக்ஸி ஓட்டுகிறேன். 'சி.எம்.சி. போங்க' என்று கொல்கத்தா பயணிகள் ஏறுகிறார்கள். எந்த சி.எம்.சி. என்று அவர்களுக்கே தெரியவில்லை.
– காட்பாடி வாசகர்

சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பழைய மருத்துவமனை வேலூர் ஊருக்குள், ஐடா ஸ்கடர் ரோட்டில். ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரியை அடுத்த கீழ்மின்னலில், 48-ன் ஓரத்திலேயே. சென்னை விமான நிலையத்திலிருந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான். 'வந்துடுச்சு, நிறுத்துங்க' என்பார்கள். காட்பாடி ஸ்டேஷனில் ஏற்றினால் இரண்டும் வேறு வேறு திசை, வாடகையும் வேறு. பெட்டியை டிக்கியில் வைப்பதற்கு முன்னாலேயே அப்பாயின்ட்மென்ட் சீட்டை வாங்கி, எந்த வளாகம் என்று பார்த்துவிடுங்கள்.