மீனவருக்கு மீன், ஓட்டமில்லாத ஷூ

கேள்வி: ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் மீன், கார், ஷூ வடிவத்திலெல்லாம் சவப்பெட்டி செய்கிறார்களாம். அதை அருங்காட்சியகத்தில் வைத்து 'நவீனச் சிற்பம்' என்கிறார்கள். ஆசாரி வேலையோடு கொஞ்சம் கோமாளித்தனம் சேர்த்தால் சிற்பமாகிவிடுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நம் கோயில் தேர்களில் யாளியும் குதிரையும் செதுக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சரி, அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.

கானாவின் தலைநகர் அக்ராவை ஒட்டிய கடற்கரையில் டெஷி என்று ஓர் ஊர். கா இன மக்கள் வாழும் பகுதி. அங்கே தலைவர்களைச் சுமக்கும் பல்லக்குகளை விலங்கு உருவத்திலும் செய்யும் வழக்கம் முன்பே உண்டு. 1950களில் சேத் கானே க்வேய் என்ற தச்சர் அந்தக் கைவேலையைச் சவப்பெட்டிக்குக் கொண்டுவந்து பேர் வாங்கினார். விமானத்தை அண்ணாந்து பார்த்தே காலம் கழித்த தன் பாட்டியை விமானப் பெட்டியில் வைத்து அனுப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

மீனவருக்கு மீன், கோகோ விவசாயிக்குக் கோகோ காய், பணக்காரருக்கு பென்ஸ் கார். இவற்றுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்குப் 'பழமொழிப் பெட்டி' என்று பொருள். கண்டபடி கேட்டு வாங்கவும் முடியாது. சிங்கம் தலைவர் குடும்பத்துக்குத்தான். சாமானியர் கேட்டால் கிடைக்காது. பார்க்க வேடிக்கையாக இருப்பதற்குள் இவ்வளவு கெடுபிடி. 'கல்யாணச் சாவு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாமல் போவதுதான் ஆச்சரியம்.

ஒரு பெட்டி செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அத்தனையும் இழைத்து, வண்ணம் பூசி, ஊரே பார்க்கச் சுமந்துபோய், அன்றே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். மக்கத்தானே போகிறது, அதனால் மரமும் லேசான உள்ளூர் மரம். அருங்காட்சியகத்துக்குப் போகும் பெட்டிக்குத்தான் மகோகனி போன்ற கெட்டி மரம். பூச்சி அரிக்கக் கூடாது, வெளிநாட்டுக் குளிரில் வெடிக்கவும் கூடாதே! ஆக, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது பிணம் ஏறாத பெட்டி.

இந்த இடத்தில் உங்கள் சந்தேகத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 1989இல் பாரிஸின் நவீனக் கலைக்கூடமான பொம்பிடு மையம் நடத்திய கண்காட்சியில் கானே க்வேயின் பெட்டிகள் இடம்பெற்றன. உலகப் புகழும் வந்தது. ஆனால் இறந்தவரையும் அழுதவர்களையும் கழித்துவிட்டு மீனை மட்டும் ஒரு கூடத்தில் நிறுத்தினால், பார்ப்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்? கோமாளித்தனம் என்று உங்களுக்குத் தோன்றுவது பட்டறையில் செய்ததல்ல, கூடத்தில் சேர்ந்தது.

நீங்கள் சொல்லும் ஷூ நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நைக்கி ஷூ. செய்தவர் பா ஜோ, கானே க்வேயிடம் தொழில் கற்றவர். அதே பா ஜோ 2004–05இல் கானா கடற்கரைக் கோட்டைகளை மரத்தில் பெரிது பெரிதாகச் செய்தார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்பதற்காக மனிதர்களை அடைத்துவைத்த கோட்டைகள் அவை. அந்த மனிதர்களில் யாருக்கும் மீன் பெட்டியோ கார் பெட்டியோ கிடைக்கவில்லை. பா ஜோ செய்த அந்த மரக்கோட்டைகளில் ஏழு, 2020இல் அட்லாண்டாவின் ஹை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. படம் கிடைத்தால் பாருங்கள். அதிலும் கோமாளித்தனம் தெரிந்தால் மறுபடி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.