யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார்?

வாசகர் கேள்வி – பதில்

சுயாதீனப் படங்கள், இணையத் தொடர்கள் பற்றி வந்த கேள்விகளில் ஆறை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்தில் படிக்கும் என் மகளுக்கு ஒரு படத்தின் கருப்பொருளை ஆராய்ந்து எழுதும்படி ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். அவள் எழுதியதை வாசித்தால் கதைச் சுருக்கம் மாதிரித்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

படத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறது, எது கடைசிவரை வரவே இல்லை, இந்த இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தையே எடுப்போம், 2021 இல் ரொட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர ஒரு குடிகாரத் தகப்பன் மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான், அங்கே போய் அடிதடி, திரும்பும்போது மகன் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிட, கொதிக்கும் வெயிலில் இரண்டு பேரும் நடந்தே ஊர் வருகிறார்கள். கதை அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ‘வறுமையும் குடியும் இந்தப் படத்தின் கருப்பொருள்’ என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் படத்தில் பாதி கையை விட்டுப் போய்விடும்.

தாகத்துக்காக அந்தப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான், அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கற்கள் கிடக்கின்றன. இப்படி எத்தனையோ நாட்கள் நடந்திருக்கிறார்கள் என்பது ஒருவரும் வாய் திறக்காமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வழியில் எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பம், குழியில் தண்ணீர் ஊறும்வரை காத்திருக்கும் பெண்கள் என்று எல்லாரையும் பார்க்கிறோம். யாரைத் தேடிப் போனார்களோ அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. உங்கள் மகள் இங்கிருந்து எழுதத் தொடங்கட்டும்.

அதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’ (2024) இன்னும் வெளிப்படை. பின்னணி இசை கிடையாது. சூரி நடித்த பாத்திரம் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கரகரத்த குரலில் எல்லாரையும் அதட்டுகிறது. பேய் பிடித்துவிட்டது என்று எந்தப் பெண்ணைக் கொண்டுபோகிறார்களோ அவள் ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. குரல் போனவன் கத்துகிறான், குரல் இருப்பவள் பேச மறுக்கிறாள். யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுப் பாருங்கள். வேறு எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்தையும் விட இந்தக் கேள்வி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது, கீழே வரும் பதில்களிலும் இதைத்தான் பாவிக்கப் போகிறேன்.

போரைப் பற்றி, எங்களைப் பற்றி நல்ல படங்கள் என்று இந்த நாட்டில் பேசப்படுபவற்றில் பெரும்பாலானவற்றைச் சிங்கள இயக்குநர்களே எடுத்திருக்கிறார்கள். எங்கள் வலியை அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

நியாயமான கேள்வி. ஆனால் இயக்குநரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு படமாகத்தான் பார்க்க வேண்டும்.

தர்மசேன பத்திராஜ 1977 இல் யாழ்ப்பாணத்துக்குப் போய், எழுத்தாளர் காவலூர் ராஜதுரையோடு சேர்ந்து ‘பொன்மணி’ எடுத்தார். தமிழ்ப் படம். சீதனம் கொடுக்க வழியில்லாத வீடு, சாதி தாண்டிய காதல். இனப்பிரச்சினையைப் பற்றி எடுத்திருந்தால் நாங்கள் ஒருவேளை கைதட்டியிருப்போம். அவரோ எங்கள் வீட்டு விறாந்தையில் கமராவை வைத்துவிட்டு, நாங்கள் எங்கள் பெண்களுக்கு என்ன செய்கிறோம் என்று பார்த்தார். படம் ஓடவில்லை. இன்றைக்குப் பார்த்தால் அதன் மெதுவான நடையும் வீட்டுக்குள் தேங்கி நிற்கும் அமைதியும் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எந்தத் தமிழ்ப் படத்திலும் இல்லாதவை.

அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012), போர் முடிந்து மூன்று வருடத்தில் வந்தது, அதுவும் தமிழில். புனர்வாழ்வு முடிந்து ஊர் திரும்பும் முன்னாள் போராளி. ஊர் அவனை வரவேற்பதில்லை, அவன் சேர்த்துக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்று கோபம். அவன் விரும்பிய பெண்ணை இயக்கத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வயதான ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து, அவள் இப்போது கைக்குழந்தையோடு விதவை. அவனுக்கு நகைக்கடையில் காவலாளி வேலை கிடைக்கிறது, அதனால் ஏற்கெனவே அங்கே இருந்தவருக்கு வேலை போகிறது, வேலை போனவரின் மனைவி வந்து நியாயம் கேட்கிறாள். எனக்கு இந்தப் படம் பிடித்ததற்குக் காரணமே அந்தப் பெண்தான். ஒருவன் பிழைத்துக்கொள்வது இன்னொருவர் சோற்றில் கை வைப்பதாக ஆகிவிட்ட ஊர் அது. அதை அவள் நேருக்கு நேர் சொல்கிறாள், தமிழில் சொல்கிறாள், அவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இதில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022 இல் காலமானது எங்களுக்குப் பெரிய இழப்பு.

பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012) பற்றி எனக்கு இரண்டு மனம். தாஸ்தயேவ்ஸ்கியின் கதை ஒன்றைத் தழுவியது. மலைநாட்டுச் சிறு நகரம் ஒன்றில் அடகுக்கடை வைத்திருக்கும் சரத்சிறி, நகை அடகு வைக்க வரும் வடக்குப் பெண் செல்வி. கல்யாணம் நடக்கிறது. அவன் முன்னாள் இராணுவத்தான் என்பது பிறகு தெரியவருகிறது. வீட்டில் அவன் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்ப்பதும், அவள் நடிகர் விஜய்யின் படங்களுக்கு ஆசைப்படுவதும் எவ்வளவு உண்மையாக இருக்கின்றன! ஆனால் முடிவில் செல்வி உயிரை விடுகிறாள், அவனுக்குக் குற்றவுணர்வு பிறக்கிறது. கதையின் மூலத்திலும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். என்றாலும் ஒரு தமிழ்ப் பெண் செத்தால்தான் ஒரு சிங்கள ஆணின் மனச்சாட்சி விழிக்கும் என்ற அமைப்பு என்னை உறுத்துகிறது, ஏனென்றால் இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. ஹந்தகமவின் ‘மே மகே சந்தய்’ (2000) படத்திலும் பதுங்குகுழிக்குள் சிங்களச் சிப்பாயும் தமிழ்ப் பெண்ணும்தான் சந்திக்கிறார்கள். இரண்டு இனமும் சந்திக்கும் இடம் என்றால் எப்போதும் அவன் இராணுவம், இவள் பெண், அவனுக்கு ஒரு கடந்த காலம் இருக்கும், இவளுக்கு ஒரு உடம்பு இருக்கும். நல்ல மனத்தோடு எடுத்த படத்துக்குள்ளும் அதிகாரம் இப்படி உட்கார்ந்துகொள்கிறது. இதை நாங்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே அந்தப் படங்களைப் பார்க்கவும் வேண்டும்.

இன்னொன்று. விதானகேயின் ‘புரஹந்த களுவர’வில் ஒரு குருட்டுத் தகப்பன், முத்திரையிட்டு வந்த சவப்பெட்டிக்குள் தன் சிப்பாய் மகன் இருக்கிறான் என்று நம்ப மறுக்கிறான். அந்தப் படத்தை 2000 ஆம் ஆண்டு அரசாங்கம் இங்கே தடுத்தது, உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் வெளியிட முடிந்தது. அதே இயக்குநரின், மேலே சொன்ன ‘ஒப நத்துவ ஒப எக்க’ படத்தை 2014 இல் சென்னையில், சிங்களவர் எடுத்தது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் திரையரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் படத்தைப் பார்க்க முதலே முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பருவத்தைப் பற்றி அப்போது பெரிய சண்டை நடந்தது. நான் இப்போதுதான் பார்த்தேன். விறுவிறுப்பாகவே இருக்கிறது, அதில் அப்படி என்ன குற்றம்?
– வாசகர், தெஹிவளை

விறுவிறுப்பை நான் மறுக்கவில்லை. 2021 இல் அது வருவதற்கு முன்பே, ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று தமிழ்நாட்டு அரசு தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது, அந்தத் தடைக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தொடரை இப்படிப் பாருங்கள். இந்திய உளவு அதிகாரியான நாயகனுக்கு வீடு இருக்கிறது, மனைவியோடு மனக்கசப்பு இருக்கிறது, மகளைப் பற்றிய கவலை இருக்கிறது, பிடிக்காத ஒரு அலுவலக வேலைகூட இருக்கிறது. சமந்தா நடித்த ஈழப் போராளி ராஜிக்கு என்ன இருக்கிறது? பட்ட கொடுமை இருக்கிறது, அதற்குப் பழி வாங்கும் திறமை இருக்கிறது. அவளுக்குப் பிடித்த சாப்பாடு எது, ஊரில் அவள் வீடு எப்படி இருந்தது, யாரோடு சிரித்தாள், ஒன்றும் தெரியாது. அவள் அனுபவித்ததும் சில நிமிடங்களில் வாய்மொழியாகச் சொல்லி முடிந்துவிடுகிறது, அது அவள் ஏன் கொல்கிறாள் என்பதற்கான விளக்கமாக மட்டும் நிற்கிறது. போதாததற்கு முகத்தைக் கறுப்பாக்கி வேறு விட்டார்கள்.

ஒரு தொடருக்குப் பல மணி நேரம் கையில் இருக்கிறது, சினிமாவுக்கு அந்த வசதி இல்லை. அன்றாட வாழ்க்கையை யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்பதைக் கணக்குப் பார்த்தால் தொடரின் அரசியல் வசனங்களை விடத் தெளிவாகத் தெரியும். மனம் விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதைப் பார்த்து முடித்தபோது கோபத்தை விடக் கவலைதான் அதிகம் வந்தது. எங்களைப் பற்றி உலகில் பலர் பார்க்கும் ஒரே தொடர் இதுவாகத்தான் இருக்கும்.

இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளைப் பேசும் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ போன்ற படங்கள் எங்களுக்கு எதிரானவர்களுக்குத்தானே உதவும்?
– வாசகர், மட்டக்குளி

ஜூட் ரட்ணம் அந்த ஆவணப்படத்தை எடுத்து முடிக்கப் பல வருடங்கள் ஆயின, 2017 இல் கான் விழாவில் காட்டினார்கள். 1983 இல் சின்னப் பிள்ளையாகக் கொழும்பிலிருந்து ரயிலில் தப்பி வடக்கே போனவர் அவர். படத்தில் அவர் சொல்லும் ஒரு விஷயம் கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் உறைக்கும்: பொது இடத்தில் தன் மகன் தமிழில் பேசும்போது தனக்குப் பயம் வருகிறது என்கிறார். 138 பஸ்ஸிலும் 100 பஸ்ஸிலும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தாத தமிழர் எத்தனை பேர்?

அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களைப் படம் மறைக்கவில்லை. அங்கே தொடங்கித்தான் அடுத்த கேள்விக்குப் போகிறது: பாதுகாப்புத் தேடி ஆயுதம் எடுத்தவர்கள் பிறகு ஏன் ஒருவரை ஒருவர் சுட்டார்கள்? வெவ்வேறு இயக்கங்களில் இருந்தவர்கள் வயது போன பிறகு இராத்திரியில் கூடியிருந்து பேசுகிறார்கள். 1986 இல் ரெலோ இயக்கத்தவரைப் புலிகள் கொன்றது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்வார்கள். அதைத் தமிழில், தமிழரே, கமராவைப் பார்த்துச் சொல்வது எனக்குத் துணிவாகவே படுகிறது. 2018 இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் காட்ட இருந்து, எதிர்ப்பினால் விட்டுவிட்டார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம், ஏனென்றால் அந்தப் படத்தோடு சண்டை பிடிக்க முதல் உரிமை உள்ள ஊர் அதுதான்.

படத்தில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிக் கட்டப் போரில் மக்களுக்கு நடந்தது அதில் பாரமாக இறங்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தக் குறையைப் படம் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

எனக்குச் சிங்களம் பேச வரும், ஆனால் படங்கள் முழுதாக விளங்காது. சப்டைட்டிலோடு பார்த்தால் போதுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

போதும். ஒரு விஷயம் மட்டும்: எப்போது மொழி மாறுகிறது என்று சப்டைட்டில் காட்டாது, அதைக் காதால் பிடியுங்கள். தமிழ்ப் பாத்திரம் கோபம் வந்தாலும் சிங்களத்திலேயே பேசுகிறதா, தனியே இருக்கும்போது எந்த மொழியில் முணுமுணுக்கிறது, எதிரே இருப்பவருக்கு அது விளங்குகிறதா? வாசிக்க மட்டும் செய்கிற வெளிநாட்டுக்காரர் இதைத் தவறவிடுவார், நீங்கள் விடமாட்டீர்கள்.

வடக்கு, மலையகம் எல்லாம் படமாகிறது. கொழும்புத் தமிழரைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை?
– வாசகர், கொச்சிக்கடை

முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. ஷியாம் செல்வதுரையின் நாவலை வைத்துத் தீபா மேத்தா எடுத்த ‘ஃபனி பாய்’ (2020) கொழும்பிலேயே நடக்கிறது, 83 ஜூலையில் போய் முடிகிறது. தமிழ்ப் பாத்திரங்களில் தமிழ் தெரியாதவர்கள் நடித்து, உச்சரிப்பு சிதைந்து, பெரிய எதிர்ப்பு வந்தது. இது சின்ன விஷயம் என்று சொன்ன நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சின்னதாகப் படவில்லை. அந்த ஜூலையில் தெருவில் ஆட்களை மறித்து, பேச வைத்து, நாக்கு எப்படிப் புரளுகிறது என்று பார்த்துத்தான் தமிழரைப் பிரித்தார்கள். அந்த நாட்களைப் பற்றிய படத்தில் தமிழைக் கவனிக்காமல் விடலாமா? ஹந்தகமவின் ‘ராணி’ (2025) இன்னொன்று. 1990 இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய், மருத்துவர் மனோராணி சரவணமுத்து ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். அவரை நடுவில் வைத்த ஒரு படம் சிங்களப் பார்வையாளருக்காக வந்தது நல்ல காரியம்.

தமிழில் ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 83 இல் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ ஹெந்தளையில் எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். பணம் போட்டவர்களும் தொழில் தெரிந்தவர்களும் சிதறிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு ஒரு நல்ல தொலைபேசியும் நாலு நண்பர்களும் இருந்தால் குறும்படம் எடுக்கலாம், அதனால் 83 ஐ மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவும் எனக்கு விருப்பமில்லை.

கதைக்கு எங்கேயும் போக வேண்டாம். வெள்ளவத்தை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கி, பொலிஸ் பதிவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வெளிநாடு போக ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் அப்படியான லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள், பிறகு உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. கண்பார்க்க வந்த அம்மம்மா, கனடாவுக்கு ஆயத்தமாகும் பொடியன், அறையைப் பங்கிட்டுக்கொண்ட அந்நியர்கள், வாடகை வாங்கும் முதலாளி, கதவைத் தட்டிய பொலிஸ்காரர். எட்டு அத்தியாயம் தாராளமாக வரும், அந்தப் பொலிஸ்காரருக்கும் ஒரு வீடு வைத்து எழுதலாம். அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை வாசித்தால், நடந்ததை எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் வெளியிடுவோம், எடுக்க விரும்பும் பிள்ளைகள் இருந்தால் உங்கள் சம்மதத்தோடு அவர்களிடம் சேர்ப்போம்.