பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை: யுபிஐ பற்றிச் சில கேள்விகள்

வங்கிக் கவுன்டரில் 30 வருடம் உட்கார்ந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர்களுக்கு யுபிஐ சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

தேனியிலிருந்து: அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். "அனுப்பிட்டேன்" என்று போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிறகு பார்த்தால் பணம் வந்திருப்பதில்லை.

அடுத்தவர் போன் திரையை நம்பவே வேண்டாம். பச்சை டிக் காட்டுவதற்கென்றே போலி ஆப்கள் இருக்கின்றன. ஒரு சவுண்ட் பாக்ஸ் வாங்கிவிடுங்கள். அதற்குத் தனி சிம் இருப்பதால் அம்மாவின் போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் வந்த தொகையைச் சொல்லும். அப்புறம், கடை திறந்ததும் கியூஆர் அட்டையை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

பழைய பைக்கை விற்க விளம்பரம் கொடுத்தேன். வாங்குபவர் கியூஆர் அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்" என்கிறார்.

போடாதீர்கள். பின் என்பது உங்கள் கையெழுத்து. செக்கில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்கள் பணம் போகுமே தவிர வராது. பணம் வாங்க உங்கள் யுபிஐ முகவரி மட்டும் போதும்.

எண் மாறி வேறு யாருக்கோ 4,000 ரூபாய் போய்விட்டது.

ஆப்பில் புகார் பதியுங்கள். 12 இலக்க யுடிஆர் எண்ணோடு (அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்) உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். ஆனால் வாங்கியவர் சம்மதிக்காமல் வங்கி தானாக எடுத்துத் தர முடியாது.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டியிருக்கிறார். நேற்று இரவு பெரிய தொகையை அனுப்பிவிட்டார்.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். சில மணி நேரம்கூடப் பெரிய வித்தியாசம். பிறகு வங்கிக்குப் போங்கள், சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். மிரட்டியவர்களின் எண்களை அழிக்காதீர்கள்.

டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோ காலில் விசாரித்துப் பணம் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவைத் திட்டாதீர்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று பயமுறுத்தித்தான் இவர்கள் பிடித்து வைக்கிறார்கள். வீட்டில் ஏச்சு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறையும் மறைப்பார். படித்தவர், விவரமானவர் என்ற வேறுபாடே இதில் இல்லை.

பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. யுபிஐ முடியுமா?

முடியும். *99# அழுத்தினால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். 2022 மார்ச்சில் பட்டன் போன்களுக்கென்றே யுபிஐ 123பே என்ற சேவையும் வந்துவிட்டது. வங்கிக் கணக்கில் அந்த போன் எண் பதிவாகியிருக்க வேண்டும், டெபிட் கார்டும் கையில் இருக்கட்டும். முதல் தடவை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பத்து ரூபாய் அனுப்பிப் பழக்குங்கள்.