சேலைக்கு ஒரு சட்டம், வேட்டிக்கு ஒரு சட்டமா?

கேள்வி: மகன் கல்லூரியில் படிக்கிறான், மகள் பிளஸ் டூ. அவன் ராத்திரி பத்தரைக்கு வந்தாலும் ஆச்சி, “ஆம்பளப் பிள்ள, சேத்தக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான்” என்கிறார்கள். மகள் டியூஷன் முடிந்து கொஞ்சம் பிந்தினாலே வீடு ரெண்டாகிவிடும். இப்போது அவள் என்னிடம் பேசுவதே இல்லை.
- ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: வீட்டு விதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மகன் பெயரைப் போட்டு வாசித்துப் பாருங்கள் அம்மா. அவனிடம் சொல்லக் கூச்சமான விதி அவளுக்கும் வேண்டாம். இருட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதுதான் பயம் என்றால், அதையே சொல்லி, கூட்டிவர அண்ணனை அனுப்புங்கள். பாதுகாப்புப் பேச்சு ஒழுக்கப் பேச்சாக மாறும்போதுதான் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறாள். நாளை எவனாவது படத்தை வைத்து மிரட்டினால், “வீட்ல சொன்னா நம்மளத்தான் ஏசுவாங்க” என்ற அவளுடைய பயமே அவனுக்கு மூலதனம். “என்ன நடந்தாலும் எங்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்” என்று இன்றே சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன், தன்னோடு பழகிய பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் போட்டுவிட்டான். அவனுக்குக் ‘கெத்து’ப் பட்டம். “அனுப்பினது அவ தப்பு” என்று அவளைத்தான் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய?
- மாணவர், பாளையங்கோட்டை

பதில்: முள் மேல் சேலை விழுந்தாலும் சேலைக்குத்தான் சேதம் என்று பழகிய பேச்சு இது, தம்பி. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. படம் எடுக்கச் சம்மதித்த பெண், பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம் என்கிறது நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு. முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வாங்கி அடுத்தவருக்குத் தள்ளுகிறவனும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மாட்டுவான்.

கோபத்தில் முதலில் அவனிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். உடனே ‘எல்லோருக்கும் டெலிட்’ கொடுப்பான், சான்று போய்விடும். படத்தை டவுன்லோட் செய்யாமல், மங்கலாக இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குரூப் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். அவன் பெயரை நீங்கள் சேமித்திருந்தால் எண் தெரியாது. பெயரைத் தொட்டு, எண் வரும் பக்கத்தைத் தனியாக எடுங்கள். ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள். அவளுக்கு 18 நிறையவில்லை என்றால் போக்சோ சட்டம் வரும். படம் உங்கள் போனில் இருப்பதே உங்களுக்கு ஆபத்து.

பிறகு அவளுடைய தோழி மூலம் தகவல் சொல்லுங்கள், படத்தை அனுப்பாதீர்கள். புகார் தருவதா என்பது அவள் முடிவு. கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் 3 மாதத்துக்குள் எழுதித் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். இன்ஸ்டாகிராம், பேஸ்புக்கில் பரவாமல் தடுக்க ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ தளம் உண்டு. படம் அவள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டுமே போகும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் இருப்பதை அதனால் தடுக்க முடியாது, அதற்குப் போலீஸ்தான். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், இதே வேலையைச் செய்யும் ‘டேக் இட் டவுன்’ தளம்.

கேள்வி: எனக்கு நிச்சயமாகிவிட்டது. பெண் கன்னியா என்று டாக்டரிடம் பார்க்க முடியுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: முடியாது. கன்னித்திரை ஆளுக்கு ஆள் வேறுபடும், நெகிழும் சவ்வு. முதல் உறவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம். அதைப் பார்த்து உறவு நடந்ததா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனையே கூடாது என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தக் கேள்வியை உங்களை நோக்கி யாரும் கேட்கவில்லை என்பதையும் யோசியுங்கள். கல்யாணத்துக்கு முன் உண்மையில் பார்க்க வேண்டியது எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைகள். எச்.ஐ.வி. சோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், முடிவை ரகசியமாக வைப்பார்கள். அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் கூடப் போய் ரத்தம் கொடுங்கள்.