கோச் ஏன் கிளம்புகிறார்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பல வருடங்களாகச் சின்சினாட்டியில் இருக்கிறேன். இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஆட்டம்தான். என் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், சின்சினாட்டி பல்கலைக்கழக அணியின் தீவிர ரசிகர். 2009-ல் பிரையன் கெல்லி என்ற கோச் இந்த அணியை விட்டு நோட்டர் டேம் பல்கலைக்குப் போனதை இன்றைக்கும் துரோகம் என்றுதான் சொல்கிறார். 2025 நவம்பரில் லேன் கிஃபின் மிசிசிப்பி பல்கலையை விட்டு லூசியானா ஸ்டேட் பல்கலையான எல்.எஸ்.யூ.வுக்குப் போனபோது மறுபடியும் அதே பேச்சு, அதே கோபம்.

எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு பேராசிரியர் சின்னக் கல்லூரியிலிருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனால் கேக் வெட்டி வழியனுப்புகிறோம். கோச் போனால் மட்டும் ஏன் துரோகம்? இன்னொரு கேள்வி. இவர்கள் ஏற்கெனவே கோடிகளில் சம்பாதிப்பவர்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியை விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் வெறும் பணம்தானா?

ச., சின்சினாட்டி

*

அன்புள்ள ச.,

உங்கள் அலுவலக நண்பரின் கோபத்தை நான் மதிக்கிறேன். அவர் ஊர் அணிக்கு நடந்தது கொஞ்சநஞ்சமல்ல. மார்க் டான்டோனியோ 2006-ல் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். கெல்லி 2009-ல் நோட்டர் டேமுக்கு. புட்ச் ஜோன்ஸ் 2012-ல் டென்னஸிக்கு. லூக் ஃபிக்கல் 2022-ல் விஸ்கான்சினுக்கு. நான்கு பேரில் ஒருவர்கூடத் தோற்று விரட்டப்பட்டவர் அல்ல. நன்றாகச் செய்தார்கள், அதனாலேயே போனார்கள்.

பணமும் காரணம்தான். 2021-ல் கெல்லியை நோட்டர் டேமிலிருந்து எல்.எஸ்.யூ. அழைத்துக்கொண்டபோது போட்ட ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு 9.5 கோடி டாலர். ஆனால் பணத்தை மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அந்த 2009 சீசனில் சின்சினாட்டிக்கு நடந்ததை விளக்க முடியாது. அந்த வருடம் வழக்கமான சீசன் ஆட்டங்கள் அத்தனையிலும் அவர்கள் ஜெயித்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அப்படியும் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. அன்றைய முறைப்படி தரவரிசையில் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் மட்டுமே இறுதியில் மோதுவார்கள். சின்சினாட்டிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அலபாமாவும் டெக்சஸும் ஆடின. ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஒரு கோச் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்? இங்கிருந்தபடி இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் கூட்டம். சின்சினாட்டி ஆடிய பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு, தரவரிசைக்கு வாக்களிப்பவர்கள் மத்தியில் அலபாமாவின் கான்ஃபரன்ஸுக்கு இருந்த மதிப்பு இல்லை.

இதன் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் முதன்மையானதாகப் படுகிறது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் கடைசி இடத்துக்கு வந்த அணிக்கே அடுத்த வருடம் புதிய ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கீழே கிடப்பவரைத் தூக்கிவிட அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. கல்லூரி ஆட்டத்தில் அது கிடையாது. நாட்டின் மிகத் திறமையான பள்ளிப் பையன் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகலாம். அவன் ஏற்கெனவே ஜெயிக்கிற இடத்துக்குத்தான் போவான். பெரிய இடம் பெரிதாகிக்கொண்டே போகும். சின்ன இடத்துக் கோச் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் மற்றவர்கள் கழித்துவிட்ட பையன்கள். அவர்களைத் தேற்றி ஒரு வருடம், இரண்டு வருடம் ஜெயிக்கலாம். வருடாவருடம் முடியாது.

எல்.எஸ்.யூ.வைப் பாருங்கள். லூசியானாவில் இந்த ஆட்டத்தில் பிறந்து வளர்கிற பையன்கள் ஏராளம். அந்த மாநிலத்தில் அந்த அளவில் பெரிய அணி ஒன்றே ஒன்று. அங்கே வரிசையாக மூன்று கோச்கள் தேசிய சாம்பியன் பட்டம் வென்றார்கள். நிக் சேபன் 2003 சீசனில், லெஸ் மைல்ஸ் 2007-ல், எட் ஆர்ஜரோன் 2019-ல். நோட்டர் டேம் கடைசியாகப் பட்டம் வென்றது 1988-ல். பெயரும் பெருமையும் நோட்டர் டேமுக்குக் குறைவில்லை, ஒருவேளை கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் கெல்லியைப் போல அறுபது வயதை எட்டிய ஒருவர், பட்டம் மட்டுமே பாக்கி என்று நினைப்பவர், அந்த மூன்று வருடங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. கௌரவம் என்று நாம் வெளியிலிருந்து சொல்வதை அவர்கள் வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள்.

விசுவாசம் பற்றிப் பேசும்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஃப்ராங்க் சோலிச் நெப்ராஸ்காவுக்காக ஆடியவர். அங்கேயே சுமார் இருபது ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1998-ல் தலைமைக்கு வந்தவர். 2001 சீசனில் அணியைச் சாம்பியன்ஷிப் ஆட்டம் வரை கொண்டுபோனார். 2003-ல், பன்னிரண்டில் ஒன்பது ஆட்டம் ஜெயித்த சீசனின் முடிவில், அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதன் பின் அவர் உங்கள் மாநிலத்திலேயே, ஏதென்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ஒஹாயோ பல்கலைக்கு 2005-ல் வந்து, பதினாறு சீசன் அங்கேயே இருந்தார். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் சோலிச்சுக்கு நடந்தது தெரியும். நிர்வாகம் தன்னை நாளைக்கே அனுப்பிவிடலாம் என்று தெரிந்தவரிடம் நிர்வாகத்துக்கு விசுவாசமாக இரு என்று சொல்ல எனக்கு நா எழாது.

எனவே கோச் பல்கலைக்கழகத்துக்குத் துரோகம் செய்தார் என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டு தரப்பிலும் வக்கீல்கள் உண்டு, ஏஜென்ட்கள் உண்டு, முறித்தால் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜனவரியில் கேலன் டிபோர் வாஷிங்டன் பல்கலையை விட்டு அலபாமாவுக்குப் போனபோது வாஷிங்டனுக்குச் சேர வேண்டிய முறிவுத் தொகை 1.2 கோடி டாலர். கணக்கு அதோடு தீர்ந்தது.

தீராத கணக்கு பையன்களுடையது. உங்கள் பேராசிரியர் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. (வழிகாட்டிப் பேராசிரியர் பாதியில் போய்விட்ட ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கேக் சாப்பிட்ட நினைவைச் சொல்ல மாட்டார்கள்.) கோச் ஒவ்வொரு வருடமும் இருபது, இருபத்தைந்து வீடுகளுக்குப் போகிறார். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பதினேழு பதினெட்டு வயதுப் பையன் அந்த மனிதரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறான், கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து அல்ல. அந்த வாக்கு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, அதை முறித்தால் தொகையும் இல்லை. வெகுகாலம் இன்னொரு அநியாயமும் இருந்தது. கோச் ராத்திரியோடு ராத்திரியாக வேறு அணிக்குப் போகலாம், மறுநாளே வேலையைத் தொடங்கலாம். அவரை நம்பி வந்த பையன் வேறு பல்கலைக்கு மாறினால் பொதுவாக ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அத்தனை வருடம் அதைச் சகித்துக்கொண்டிருந்த அமைப்பின் மேல் எனக்குக் கெல்லியின் மேலுள்ளதைவிட அதிகமான கோபம்.

ஒருவர் நகர்ந்தால் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதற்கு அந்த 2024 ஜனவரியே போதும். 10ஆம் தேதி அலபாமாவில் சேபன் ஓய்வு அறிவித்தார். 12ஆம் தேதி டிபோர் அந்த இடத்துக்கு. வாஷிங்டனில் காலியான இடத்துக்கு அரிசோனாவின் ஜெட் ஃபிஷ். அரிசோனாவுக்குச் சான் ஹோசே ஸ்டேட்டின் ப்ரென்ட் ப்ரெனன். ஒரே வாரத்துக்குள் இவ்வளவும். அலபாமாவில் ஒரு முதியவர் வீட்டுக்குப் போக முடிவெடுத்ததில், அவரை நேரில் பார்த்தேயிராத கலிஃபோர்னியாப் பையன்கள் தங்கள் கோச்சை இழந்தார்கள். உதவிப் பயிற்சியாளர்களும் கூடவே பெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நடுப் பள்ளியாண்டில் ஊர் மாற்றம்.

போவதை மன்னிக்கலாம். கடைசி ஆட்டத்துக்கு முன் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2009 டிசம்பரில், அணியின் வருடாந்திர விருந்து நாளன்று, சின்சினாட்டிப் பையன்களுக்குக் கெல்லி போவது தெரிந்தது. அவர்களுக்கு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. புத்தாண்டு தினத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஃப்ளோரிடாவுடன் ஷுகர் பௌல். சீசன் முடிவில் நடக்கிற பெரிய ஆட்டங்களைப் பௌல் என்பார்கள். அவர் இல்லாமல் ஆடி, 51–24 என்று தோற்றார்கள். உங்கள் நண்பர் மறக்காமல் இருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதற்கு வேறு வழி இல்லாமல் இல்லை. 2017-ல் ஸ்காட் ஃப்ராஸ்ட், தோல்வியே காணாத சென்ட்ரல் ஃப்ளோரிடாவை விட்டுத் தான் படித்த நெப்ராஸ்காவுக்குப் போக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் தன் பையன்களோடு நின்று ஆபர்ன் அணியுடனான பீச் பௌல் ஆட்டத்தை நடத்தினார். 34–27 என்று ஜெயித்தார்கள். நெப்ராஸ்காவில் அவர் பிற்பாடு தோற்றுத்தான் போனார், ஆனால் அந்தப் பையன்களுக்கு அவர் கடன்படவில்லை.

கிஃபின் விஷயத்தில் காலண்டரையும் குற்றம் சொல்ல வேண்டும். பள்ளிப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்திடும் நாள் முன்பெல்லாம் பிப்ரவரியில் இருந்தது. 2017-ல் டிசம்பரிலும் ஒரு தவணையைத் திறந்தார்கள். பிறகு எல்லோரும் டிசம்பரிலேயே கையெழுத்திடத் தொடங்கிவிட்டார்கள். 2025-ல் அந்தத் தவணை டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கியது. கிஃபின் எல்.எஸ்.யூ.வுக்கு ஒப்புக்கொண்டது நவம்பர் 30. மிசிசிப்பி பன்னிரண்டில் பதினொன்று ஜெயித்து, பட்டத்துக்கான கடைசிச் சுற்று ஆட்டங்களான பிளேஆஃபுக்குப் போக இருந்த நேரம் அது. பிளேஆஃப் முடியும் வரை அவரே ஆட்டங்களை நடத்தட்டும் என்று மிசிசிப்பி விடவில்லை, துணையாக இருந்த பீட் கோல்டிங்கைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். புது முதலாளிக்காக ஆள் சேர்த்துக்கொண்டே பழைய அணியை நடத்துவது நடக்கிற காரியமல்ல. காத்திருந்தால் எல்.எஸ்.யூ. அந்த வருடப் பையன்களை இழந்திருக்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஆள் எடுக்கும் சந்தையையும் திறந்து வைத்தவர்கள், சந்தைக்குப் போனவரை மட்டும் திட்டுவது சரியல்ல.

பெரிய இடத்துக்குப் போனால் பட்டம் கிடைத்துவிடுமா? கெல்லிக்குக் கிடைக்கவில்லை. எல்.எஸ்.யூ.வில் ஒரு தடவைகூட பிளேஆஃப் போகாமல் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார். அவர் விட்டு வந்த நோட்டர் டேம், அவரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த மார்கஸ் ஃப்ரீமனின் தலைமையில் 2025 ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை போனது.

இப்போது நிலைமை மாறவும் தொடங்கியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் 2021 முதல் தங்கள் பெயரைக் கொண்டு சம்பாதிக்கலாம், 2025 முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். பையன்களும் எளிதாக அணி மாறலாம். பழைய பெயர் இல்லாத இடமும் செலவு செய்து நல்ல ஆட்களைத் திரட்ட முடிகிறது. தோல்விக்கே பெயர்போன இந்தியானாவுக்கு 2023 கடைசியில் கர்ட் சிக்னெட்டி வந்தார். தன் பழைய அணியிலிருந்து பத்துப் பேருக்கு மேல் கூடவே அழைத்து வந்தார். 2025-ல் பெரிய இடங்கள் காலியாகி அவர் பெயர் அடிபட்டபோது இந்தியானா புதிய ஒப்பந்தம் தந்தது. அவர் அங்கேயே இருந்தார், அந்த சீசனில் பட்டத்தையும் வென்றார். அவர் இருந்ததற்கும் பணம் காரணம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருந்தபடியே பட்டம் வெல்ல முடியும் என்ற நிலை வந்ததால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம் வந்தது. 2009-ல் சின்சினாட்டி எவ்வளவு கொட்டிக் கொடுத்திருந்தாலும் அதைத் தந்திருக்க முடியாது.

உங்கள் நண்பரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டால், கெல்லி போனது சரி, போன நாள் தவறு என்று சொல்லுங்கள். அந்த நாளை மாற்றும் அதிகாரம் கோச்களிடம் இல்லை, கல்லூரி விளையாட்டை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. கையெழுத்து நாளை மறுபடி பிப்ரவரிக்குக் கொண்டுபோகட்டும். கடைசி ஆட்டம் முடியும் வரை எந்தப் பல்கலையும் இன்னொன்றின் கோச்சோடு பேரம் பேசக் கூடாது என்று விதி செய்யட்டும். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.