மன்னிக்க மனம் வராமல் ஒப்புரவுக்குப் போகலாமா?

கேள்வி: நான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 48. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் கணவர் சிறுநீரக நோயால் இறந்தார். அவர் பிழைக்க வேண்டும் என்று நான் வைத்த நவநாளும் (ஒன்பது நாள் செபம்) ஒருசந்தி நோன்பும் கேட்கப்படவில்லை. அடக்கம் முடிந்த சில மாதங்களில், வங்கிக் கடனுக்குத் தேவை என்று சொல்லி என் தம்பி என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கினான். பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டிலும் தென்னை விளையிலும் எனக்கிருந்த பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது என்பது சென்ற ஆண்டுதான் தெரிந்தது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். இப்போது பங்குப் பேரவை உறுப்பினன். தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் சிலுவை பிடித்து முன்னே போகிறான். ஆண்டவர் கற்பித்த செபத்தில் மன்னிப்பு வரி வந்தால் என் வாய் அடைத்துக்கொள்கிறது. கடவுள் கேட்கிறாரா என்றே ஐயம் வந்துவிட்டது. உறவினர்களோ, பீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு சமாதானமாகு என்று வேதமே சொல்கிறது, பாஸ்காவுக்குள் (உயிர்ப்புப் பெருவிழாவுக்குள்) மன்னித்துவிடு, வழக்கு என்று போகாதே என்கிறார்கள். நான் ஒப்புரவு (பாவ அறிக்கை) செய்து நன்மை (நற்கருணை) வாங்கலாமா? பாஸ்கா காலத்தில் தம்பி மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை வாங்கும் விழா. நான்தான் அவளுக்கு ஞானத்தாய். போவதா, வேண்டாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

உறவினர்கள் உங்களுக்கு எடுத்துக்காட்டும் வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அது ஆள் மாறி உங்கள்மேல் சுமத்தப்பட்டிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவர், தம் சகோதரருக்கோ சகோதரிக்கோ தம்மேல் மனத்தாங்கல் உண்டு என்று அங்கே நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். நீங்கள் எழுதியபடியே எல்லாம் நடந்திருக்குமானால், மனத்தாங்கல் உங்களுடையது, அதற்குக் காரணம் உங்கள் தம்பி. எனவே காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியவர் அவரே. தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதி இது. சிலுவையைப் பிடிக்கும் கைகளுக்குரியவரின் நெஞ்சில் அது இறங்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். ஆனால் ஏமாற்றப்பட்டவரை நோக்கி அதே வசனத்தை நீட்டி, நீ போய்ச் சமாதானம் செய் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

மன்னிப்புக்கு நாள் குறிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர்களால் ஏமாற்றப்பட்ட யோசேப்பின் வரலாற்றை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம்; கேட்டதால்தானோ என்னவோ, அதில் எத்தனை காலம் கடக்கிறது என்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறோம். தொடக்க நூலின்படி அவர் விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன்முன் நின்றபோது 30. அதன்பின் வளமான ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கடந்த பிறகே, நான்தான் உங்கள் சகோதரன் யோசேப்பு என்று அவர் வாய் திறக்கிறார். அதாவது, 22 ஆண்டுகள். இடையில் அவருக்கு முதல் மகன் பிறந்தபோது, என் துன்பத்தையும் என் தந்தையின் வீட்டையும் கடவுள் எனக்கு மறக்கச் செய்தார் என்று சொல்லியே மனாசே என்று பெயரிடுகிறார். மறந்தாயிற்று என்றுதான் அவரும் நம்பியிருக்க வேண்டும். ஆனால் தானியம் வாங்க வந்து அண்ணன்மார் முகங்குப்புற விழுந்து வணங்கிய நாளில் எல்லாம் திரும்பி வருகிறது: கடுமையாகப் பேசுகிறார், ஒற்றர்கள் என்கிறார், மூன்று நாள் காவலில் வைக்கிறார், பிறகு அவர்கள் தங்கள் குற்றத்தைத் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு அப்பால் சென்று அழுகிறார். மறுமுறை அவர்கள் வரும்போது உள்ளறைக்குள் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்மை அடக்கிக்கொண்டு வெளியே வந்து, உணவு பரிமாறுங்கள் என்கிறார். இந்த உள்ளறைக் காட்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அன்பும் ஆத்திரமும் ஒன்றாக இருக்கும் மனிதர் அவர். திருநூல் அதற்காக அவரை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை.

அவர் எப்போது தம்மை வெளிப்படுத்துகிறார் என்பதையும் பாருங்கள். அவரை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன யூதாவே, இன்று இளையவன் பென்யமினுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சும்போதுதான். தவறு செய்தவர்களிடம் மாற்றம் உண்டா என்று பார்த்த பிறகே அவர் கட்டித் தழுவுகிறார். அதற்குப் பிறகும் கதை முடிந்துவிடவில்லை. எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து யாக்கோபு இறந்ததும், யோசேப்பு நம்மைப் பழிவாங்குவாரோ என்று அண்ணன்மார் மீண்டும் அஞ்சுகிறார்கள். அதைக் கேட்டு அவர் மீண்டும் அழுகிறார். உள்ளத்தில் மன்னிப்பது, உறவைப் புதுப்பிப்பது, பழைய நம்பிக்கையை மீட்பது ஆகிய மூன்றும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. மூன்றாவது ஒருவேளை நடக்காமலே போகலாம். திருநீற்றுப் புதனில் தொடங்கிப் பாஸ்காவில் இவை அனைத்தையும் முடித்துக் காட்டு என்று உங்களிடம் கேட்பவர்கள், கடவுள் யோசேப்புக்குத் தந்த காலத்தை உங்களுக்கு மறுக்கிறார்கள்.

அப்படியானால் இந்தத் தவக்காலத்தில் நான் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். சிலுவையில் ஆண்டவர் சொன்னதைக் கூர்ந்து கேளுங்கள். தம்மை அறைந்த படைவீரர்களை நோக்கி, உங்களை மன்னிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. தந்தையே, இவர்களை மன்னியும் என்று மன்றாடினார் என்றே லூக்கா எழுதியிருக்கிறார். அந்த மன்றாட்டின் முழு ஆழத்தையும் நான் அளந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் தம்மால் மன்னிக்க இயலவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு அது ஒரு வழியைத் திறந்துவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறேன். 'தந்தையே, என்னால் இன்று அவனை மன்னிக்க இயலவில்லை, நீர் மன்னியும், அதற்குரிய மனத்தை எனக்கும் தாரும்' என்று நீங்கள் சொல்லலாம். அதையும் சொல்ல வாய் வராத நாளில், அவனுக்குக் கேடு வர வேண்டும் என்று கேட்காமல் இருக்கும் வலிமையைத் தாரும் என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்டவர் கற்பித்த செபத்தின் அந்த வரியையும் இந்த மனத்தோடு விடாமல் சொல்லுங்கள். முழுமையாக மன்னித்து முடித்தவர்கள் மட்டுமே சொல்ல வேண்டிய வரி என்றால், ஞாயிறு திருப்பலியில் கோவிலே மௌனமாகிவிடும்.

இனி உங்கள் நேர்க்கேள்விக்கு வருகிறேன். ஒப்புரவுக்குப் போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். நமக்கு இழைக்கப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதோ மறந்துவிடுவதோ நம் கையில் இல்லை என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2843-ஆம் எண்ணில், ஒப்புக்கொள்கிறது. தம்பியைக் கண்டதும் நெஞ்சு எரிவது பாவம் அன்று. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பெருந்தீங்கு நேர வேண்டும் என்று விரும்பி, அந்த விருப்பத்தைத் தெரிந்தே ஊட்டி வளர்ப்பது பாவம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நீங்களே அறிவீர்கள்; அறியாதவர் இப்படியொரு கடிதம் எழுதியிருக்கமாட்டார். அருட்பணியாளரிடம், 'என் தம்பி எனக்கு அநீதி செய்தான். அதை எண்ணும்போதெல்லாம் கோபம் வருகிறது. இன்னின்ன நாளில் சபிக்கவும் செய்தேன். மன்னிக்க விரும்புகிறேன், இயலவில்லை' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தம்பியின் குற்றங்களை விவரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அது அவருடைய ஒப்புரவுக்குரிய செய்தி. மன்னிக்க விரும்பும் விருப்பமே போதுமான தொடக்கம். பாவமன்னிப்புப் பெற்று நன்மை வாங்குங்கள். ஒருவேளை பாஸ்கா ஞாயிறுவரை மனம் ஒப்பவில்லை என்றாலும் அஞ்ச வேண்டாம். பாஸ்கா காலம் பெந்தக்கோஸ்து வரை நீள்கிறது. ஆண்டுக்கொருமுறை நன்மை வாங்கும் கடமையைத் தக்க காரணம் இருந்தால் ஆண்டின் வேறு நாளிலும் நிறைவேற்றத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது.

கடவுள் கேட்கிறாரா என்ற ஐயத்தை நீங்கள் ஏதோ தகாததைச் சொல்பவர்போலத் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மண்ணின் புனிதரையே நினைத்துப் பாருங்கள். அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டபிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் வரலாறு. அதன் வழியாகவே கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். யோபுவோ பொறுமையாக வாய்மூடி இருந்தவர் மட்டும் அல்லர். முதல் இரண்டு அதிகாரங்களைத் தாண்டிவிட்டால், தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்காட அழைக்கிறார், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறார். நண்பர்கள் மூவரும் கடவுள் சார்பில் அழகழகாக வாதாடுகிறார்கள். நூலின் இறுதியில் கடவுள் அந்த நண்பர்கள்மீதுதான் சினம்கொள்கிறார். என் ஊழியன் யோபுவைப்போல நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கணவரின் படுக்கையருகே நீங்கள் வைத்த நவநாள் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதுபோல எழுதினால் நானும் அந்த நண்பர்களில் ஒருவன் ஆவேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கடவுளிடமே கேட்கலாம், கோபத்தோடும் கேட்கலாம். 88-ஆம் திருப்பாடல் அப்படிப்பட்டது: இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர் என்று கேட்டு, ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. திருச்சபை அதை நீக்கிவிடாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் துறவியரும் குருக்களும் தூங்குமுன் செபிக்கும்படி வைத்திருக்கிறது. மற்ற செபங்கள் வரவில்லை என்றால் இதைச் செபியுங்கள்.

வழக்கைப்பற்றி உறவினர்கள் சொல்வது முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். நம்பிக்கையாளர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுப்பதைப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அநீதியை ஏன் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்றும் கேட்கிறார். அத்தோடு நிறுத்தாமல் மேலும் வாசிக்க வேண்டும். சகோதரர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லக்கூடிய ஞானமுள்ளவர் ஒருவர்கூட உங்களிடையே இல்லையா என்று அவர் சபையையே வெட்கப்படுத்துகிறார். நீங்களே வஞ்சிக்கிறீர்கள், அதுவும் சகோதரர்களையே என்று வஞ்சித்தவர்களைச் சாடுகிறார். உங்களைப் பொறுத்துப்போகச் சொல்கிறவர்களில் எத்தனைபேர் தம்பியிடம் போய் இந்த அடுத்த வரியை வாசித்துக் காட்டினார்கள்? எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலும், அதற்கு முன்னதாக வருவது, குற்றம் செய்த சகோதரரைத் தனியாகக் கண்டு குற்றத்தை எடுத்துக்காட்டுங்கள், கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிச் செல்லுங்கள், பிறகு திருச்சபையிடம் சொல்லுங்கள் என்ற கட்டளைதான். எனவே முதலில் தம்பியிடம் பத்திரத்தின் நகலோடு நேரில் பேசுங்கள். பிறகு அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) நம்பிக்கைக்குரிய ஒருவரோடு பேசுங்கள். அதன்பின் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தம்பி பேரவை உறுப்பினர் என்பதால் பங்குத்தந்தை தயங்கக் கூடாது.

உங்கள் பகுதியில் இந்த அநீதிக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1956-இல் தமிழகத்தோடு இணையும்வரை குமரி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது, மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியவளுக்கு விளையில் என்ன பங்கு என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். 1986-இல் மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அந்தச் சட்டத்தில் சம பங்கு. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்தை எதிர்த்து வழக்காடக் காலவரம்பு உண்டு என்பதால், தம்பியோடு பேச்சு நடக்கும்போதே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி கிடைக்கும். உரிமையைக் கேட்பது மன்னிப்புக்கு எதிரானது அன்று. தம்பியை அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் கலந்துவிடாமல் காத்துக்கொள்வதே உங்கள் தவமுயற்சியாக இருக்கட்டும்.

புதுநன்மைக்குப் போங்கள். அந்தக் குழந்தை உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவளுடைய திருமுழுக்கு நாளில் அவளுக்காக நீங்கள் கொடுத்த வாக்கு அவள் தந்தையின் செயலால் செல்லாமல் போய்விடாது. முடிந்தால் ஒரு செபமாலை வாங்கிக்கொண்டு போய், திருப்பலி முடிந்ததும் நெற்றியில் சிலுவை வரைந்து வாழ்த்திவிட்டு வாருங்கள். தம்பி எதிரே வந்து வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லுங்கள், அது போதும். வீட்டு விருந்துக்கு மனம் வரவில்லை என்றால் கோவில் வாசலிலிருந்தே திரும்பிவிடலாம். குழந்தை கேட்டால், அத்தை இன்னொரு நாள் உன்னை வந்து பார்ப்பேன் என்று சொல்லி, அந்த நாளையும் அப்போதே அவளிடம் குறித்துக்கொடுங்கள்.