கடற்கரைக் கருமணலை எண்ணெயில் கலந்து காந்தத் திரவம் செய்யலாமா?

மண்டபம் கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருமணலைப் பிரித்து, அரைத்து, சமையல் எண்ணெயில் கலந்தால் பள்ளிக் கண்காட்சிக்குக் காந்தத் திரவம் (காந்தத்தை நோக்கி முழுதாக நகரும் கருப்புத் திரவம், ferrofluid) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. மணல் பருக்கை ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும், காந்தத் திரவத்துக்கு வேண்டிய துகள் 10 நானோமீட்டர், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவில்தான் திரவ மூலக்கூறுகளின் மோதலே துகளை அடியில் படியவிடாமல் வைத்திருக்கும். கையால் அரைத்து அங்கே போய்ச் சேர முடியாது, கரைசலிலிருந்து வீழ்படிவாக்கித்தான் (கரைந்திருப்பதைத் திடத் துகளாகப் பிரியவைத்துத்தான்) எடுக்க வேண்டும்.

மஞ்சள் கட்டியாக வரும் பெரிக் குளோரைடு 5.4 கிராம் (கறுப்புத் தூளாக வரும் நீரற்ற வகை என்றால் 3.2), அன்னபேதி (பெரஸ் சல்பேட்) 2.8 கிராம். இரண்டையும் 50 மி.லி. பேட்டரி தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், பேட்டரி அமிலம் அல்ல) கரையுங்கள். அன்னபேதி பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியது காற்றில் கெட்டுப்போனது. அதைப் போட்டால் கறுப்பு மேக்னடைட்டுக்கு (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) பதில் செம்பழுப்புத் துருதான் வரும். தண்ணீரை முன்பே கொதிக்கவைத்து ஆறவிட்டால் அதில் கரைந்த ஆக்சிஜனும் குறையும்.

கண்ணாடிக் குச்சியால் கலக்கிக்கொண்டே 25% அம்மோனியாக் கரைசல் 15 மி.லி. மெதுவாக ஊற்றுங்கள். காந்தக் கலக்கி வேண்டாம், விளைந்த துகளெல்லாம் அதிலேயே அப்பிக்கொள்ளும். கலவை கருத்ததும் ஒலியிக் அமிலம் (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மேலுறையாக அமைவது) 1 மி.லி. விட்டு, மின் அடுப்பில் 80–90 டிகிரியில் அரை மணி நேரம், அம்மோனியா நெடி போகும்வரை வையுங்கள். ஜன்னல் திறந்த இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஆசிரியர், நான்கும் கட்டாயம். கருப்புச் சகதி திரண்டு தண்ணீர் தெளியும். வடித்து, பேட்டரி தண்ணீரில் மூன்று முறை அலசி, ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, அடுப்பை விட்டுத் தள்ளி 5 மி.லி. மண்ணெண்ணெயில் குழையுங்கள்.

உங்கள் ஊரில் இது கெடுவதற்கு முதல் காரணம் போர் தண்ணீராகத்தான் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் ஒலியிக் அமிலத்தோடு சேர்ந்து, சோப்பு நுரைக்காமல் திரிகிற அதே வெள்ளைக் கசடாகிவிடும். துகளுக்கு மேலுறை கிடைக்காது. தண்ணீரையே அடித்தளமாகக் கொண்ட காந்தத் திரவங்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் துகள்களின் மின்னூட்ட விலக்கம்தான் பிரித்து வைத்திருக்கிறது; உப்பு சேர்ந்தால் அந்த விலக்கம் மங்கித் துகள்கள் திரண்டுவிடும். கடலோரத்தில் எண்ணெய் வகையே நல்லது.

சரியாக வந்ததா என்று பார்க்க, குப்பியின் பக்கத்தில் நியோடிமியம் காந்தத்தை வையுங்கள். கருப்பு ஒரு பக்கம் ஒட்டி, மண்ணெண்ணெய் தெளிவாகப் பிரிந்து நின்றால் அது வெறும் கலவை. திரவம் முழுவதும் ஒன்றாக நகர்ந்து முள் முள்ளாக எழும்பினால் சரி. நகர்கிறது, முள் மட்டும் இல்லை என்றால் மண்ணெண்ணெய் கூடிவிட்டது. திறந்துவைத்துக் கொஞ்சம் ஆவியாக விடுங்கள்.

பயன் என்று பார்த்தால், 1963-இல் நாசாவின் ஸ்டீவ் பாப்பெல் எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காக இதை உருவாக்கினார். இப்போது ஒலிபெருக்கிச் சுருளின் வெப்பத்தைக் கடத்தவும், வெற்றிட எந்திரங்களில் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கவும் பயன்படுகிறது. உங்கள் கண்காட்சிக்கு நான் சொல்வது வேறு: அயர்லாந்து மாணவர் பியான் பெரேரா 2019 கூகுள் அறிவியல் போட்டியில் வென்ற முறை. தாவர எண்ணெயில் மேக்னடைட் தூளைக் கலந்து நுண்நெகிழி (மிகச் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள்) உள்ள நீரில் விட்டால், எண்ணெய் நெகிழியில் ஒட்டும். காந்தம் இரண்டையும் சேர்த்து இழுத்துவிடும். இதற்கு முள் எழும்பும் தரம் தேவையில்லை, கடல் நீரின் உப்பும் தடையில்லை. பாட்டிலில் எடுத்துவந்த கடல் நீரில் மட்டும் செய்யுங்கள். மிச்சத்தை மன்னார் வளைகுடாவில் கொட்டாமல், மூடிய குப்பியில் பள்ளி ஆய்வகத்திலேயே கொடுத்துவிடுங்கள்.